இரட்டைத் தோல்

மத்தியானம் மணி 2.52.

"செத்துத் தொலைங்க."

அளவு அறைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் இப்படிக் கத்தியது. கூடத்தில் வார் தைத்துக்கொண்டிருந்த தையல்கார அக்கா மெஷின் மிதியிலிருந்து காலை எடுத்தாள். அடுத்தவர் குடும்பச் சண்டையில் மூக்கை நுழைக்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. அதற்காகக் காதைப் பொத்திக்கொள்ளவும் இல்லை. மூன்று நிமிடம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அதே குரல் "அப்பா" என்று அலறியது. அக்கா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

பட்டறை முதலாளி கட்டிலில் படுத்திருந்தார். கழுத்துவரை போர்வை, முகம் சுவர்ப் பக்கம். மகள் அவர் கையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். கை சில்லிட்டுப் போயிருந்தது என்று பிறகு இருவருமே சொன்னார்கள்.

அது முதுகு வளைந்தவர்களுக்குக் கூடு செய்யும் பட்டறை. கூடு என்றால் மார்பிலிருந்து இடுப்புவரை உடம்பைக் கவ்விப் பிடிக்கும் பிளாஸ்டிக் சட்டை. முன்பு மாவுக்கட்டு போட்டு அச்சு எடுத்தார்கள். இப்போது கையில் பிடிக்கும் லேசர் ஸ்கேனரை உடம்பைச் சுற்றி மெதுவாக நகர்த்தினால், கம்ப்யூட்டரில் அந்த உடம்பின் உருவம் வந்துவிடும். அதைச் சுத்தம் செய்து, எளிமையாக்கி, அதன்மேல் கூட்டை அமைப்பார்கள். எத்தனையோ பேர் முதுகை நிமிர்த்திவிட்ட முதலாளிக்கே அறுபது வயதில் எலும்பு தேய்ந்து முதுகு கூனிவிட்டது. தனக்கான கூட்டுக்கு அளவு கொடுக்கத்தான் அன்றைக்கு அவர் அந்தக் கட்டிலில் படுத்தார்.

மணி 3.30.

ஆய்வாளர் வந்தார். ஐம்பதை நெருங்கும் பெண்மணி. யார் எதைச் சொன்னாலும் "திரும்பச் சொல்லுங்க" என்பார். ஸ்டேஷனில் அவர் முதுகுக்குப் பின்னால் அதையே பட்டப்பெயராக வைத்திருந்தார்கள். கூட வந்தவர் ஏட்டு. தொப்பை கொஞ்சம் முன்னால் போகும், அவர் பின்னால் வருவார்.

டாக்டர் பிணத்தைப் பார்த்துவிட்டு, தலையணையால் முகத்தை அழுத்திக் கொன்றிருக்கிறார்கள் என்றார். மூக்கில் தலையணை உறையின் இழை இருந்தது, உதட்டின் உள்பக்கம் பல் பட்டுக் கிழிந்திருந்தது. குறைந்தது நான்கு நிமிடமாவது அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். எத்தனை மணிக்கு என்று கேட்டதற்கு, பன்னிரண்டரைக்கும் இரண்டரைக்கும் நடுவில் என்றார். இன்னும் நெருக்கமாகச் சொல்ல முடியாதா என்று ஆய்வாளர் கேட்டார். அறையில் ஏசி ஓடிக்கொண்டே இருந்ததால் உடம்புச் சூட்டை நம்ப முடியாது என்று டாக்டர் கைவிரித்தார்.

அளவு அறைக்கு ஒரே கதவு, அது கூடத்தில் திறக்கும். வெயில் பட்டால் ஸ்கேனர் தடுமாறும் என்பதால் ஜன்னலை அடைத்துப் பூசிவிட்டிருந்தார்கள். ஆகவே கூடத்தில் இருந்தவர் சொல்வதுதான் எல்லாமே.

தையல்கார அக்கா இரண்டு தடவை சொன்னாள், இரண்டு தடவையும் ஒரே மாதிரி. பன்னிரண்டரைக்கு அவள் சாப்பிட வீட்டுக்குப் போனாள். அப்போது பட்டறையில் முதலாளியும் 'பட்டுக்கை'யும் மட்டும் இருந்தார்கள். பட்டுக்கை என்பது ஸ்கேன் எடுக்கிறவனுக்குப் பட்டறை வைத்த பெயர். எந்தக் கரடுமுரடான உருவத்தையும் கம்ப்யூட்டரில் பட்டு மாதிரி ஆக்கிக் கொடுப்பான் என்று முதலாளியே வைத்தது. ஒன்றரைக்கு அக்கா திரும்பி வந்தபோது அளவு அறைக் கதவு மூடியிருந்தது. கொஞ்ச நேரத்தில் பட்டுக்கை தலையை நீட்டி, அளவு எடுக்கப் போறேன், தரை அதிரும், மெஷினை நிறுத்துங்க அக்கா என்றான். நிறுத்தினாள். உள்ளே ஸ்கேனர் கீச்சிடும் சத்தம் கேட்டது. "மூச்சை மெதுவா விடுங்க ஐயா, அசையாதீங்க" என்று அவன் சொன்னதும் கேட்டது.

"முதலாளி குரல் கேட்டுச்சா?"

"அளவு எடுக்கிறப்போ யாரும் வாயைத் திறக்கக் கூடாதுங்க மேடம். தாடை அசைஞ்சா தோளும் அசையும்."

"அவன் எப்ப வெளியே வந்தான்?"

"ஒண்ணே முக்கால். பிரஷர் மாத்திரை போடச் சொல்லி என் போன்ல அலாரம் அடிச்சுது. அதே நேரம் கையில ஸ்கேனரோட வந்தான். ஐயா தூங்குறார், முதுகுப்பக்கம் நாளைக்கு எடுத்துக்கலாம்னுட்டார்னு சொல்லிட்டு, என் கண் முன்னாலதான் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்தான். இருபது நிமிஷத்துல வேலையை முடிச்சுட்டு, ஆஸ்பத்திரியில கொடுக்க வேண்டிய பொருளை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டான்."

அதன்பின் இரண்டே கால் மணிக்கு மகள் வந்தாள். வேறு ஈ காக்கை உள்ளே போகவில்லை.

ஸ்கேனரும் இதற்கு ஒத்து ஊதியது. அளவு தொடங்கியது 1.38, முடிந்தது 1.44. அதன் கடிகாரம் நெட்வொர்க்கிலிருந்து வருவது, யாரும் மாற்ற முடியாது. உருவத்தில் இருப்பவர் முதலாளிதான், முகமே இருந்தது. 1.44-வரை அளவு கொடுத்துக்கொண்டிருந்தவரை 1.45-க்குள் நான்கு நிமிடம் அழுத்திக் கொல்ல முடியாது. அதற்கப்புறம் உள்ளே போன ஒரே ஆள் மகள். வந்த கால் மணி நேரத்துக்குள் கொன்றுவிட்டு, ஆத்திரம் அடங்காமல் "செத்துத் தொலைங்க" என்று கத்தியிருக்கிறாள். போலீஸ் கணக்கு சுத்தமாக இருந்தது. மேலதிகாரி போனில், மறுநாள் பதினொரு மணிக்கு அவளைக் கோர்ட்டில் நிறுத்தச் சொன்னார். கொலைக் குற்றம். உள்ளே போனால் சாட்சி விசாரணை முடிந்து வெளியே வருவதற்குள் அவள் தலை நரைத்துவிடும்.

மணி 5.10. ஸ்டேஷன்.

மகளுக்கு முப்பது வயது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மூன்று வருடத்துக்கு முன்பு அப்பாவுக்குப் பிடிக்காத ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அன்றிலிருந்து அப்பா அவளோடு பேசவில்லை. வீட்டில் அவள் பேச்சு வந்தால் "அந்த டீச்சரம்மா" என்பாராம். முதலாளிக்கு முதுகு கூனிவிட்டது என்று யாரோ சொல்லக் கேட்டு, நாளைக்கு இரண்டே காலுக்குப் பட்டறைக்கு வருகிறேன் என்று அவருக்குச் செய்தி அனுப்பினாள். பதில் இல்லை. ஆனாலும் வந்தாள்.

"நாற்பது நிமிஷம் ஒரு பிணத்தோட பக்கத்துல உட்கார்ந்திருந்தேன்னு சொல்றீங்க. அது தெரியலையா?"

"எங்கப்பாவை உங்களுக்குத் தெரியாது மேடம். கோபம் வந்தா சுவரைப் பார்த்துப் படுத்துக்குவார். அம்மா போனப்போ மூணு வாரம் அப்படித்தான் படுத்திருந்தார். நான் உள்ளே போனப்பவும் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தார். சரி, கேட்டுக்கிட்டாவது இருப்பார்னு பேசினேன். மன்னிச்சுடுங்கப்பான்னு எத்தனை தடவை சொன்னேன்னு எனக்கே தெரியாது. கடைசியில பொறுமை போயிடுச்சு. அந்த வார்த்தை வந்துடுச்சு."

பிறகு அவளே ஒரு கேள்வி கேட்டாள். தன்னை விடுவீர்களா என்று கேட்கவில்லை, வக்கீல் வேண்டும் என்றும் கேட்கவில்லை.

"நான் சொன்னது அவர் காதுல விழுந்திருக்குமா?"

ஏட்டு அதையும் எழுதிக்கொண்டார். குற்ற உணர்ச்சி என்று ஓரத்தில் குறிப்பும் போட்டார். ஆய்வாளர் அந்தக் குறிப்பை அடித்தார். கொன்றவளுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்கும், கேட்க வேண்டியதில்லை என்றார். ஆனால் அதைக் கோர்ட்டில் சொன்னால் சிரிப்பார்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

மறுநாள் காலை மணி 8.30. பட்டறை.

பட்டுக்கை முன்னாலேயே வந்து காத்திருந்தான். நாற்பது வயது, ஒல்லி, அழுது வீங்கிய கண். அந்த அழுகை பொய்யில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பதினான்கு வருடம் முதலாளியிடம் வேலை பார்த்தவன் அவன்.

உன் வேலை எனக்கு ஒன்றும் புரியவில்லை, முதலிலிருந்து சொல்லு என்றார் ஆய்வாளர். அவனுக்கு வேலையைப் பற்றிப் பேசுவது பிடிக்கும். கம்ப்யூட்டரில் ஒரு நோயாளியின் உருவத்தைத் திறந்து, நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனான். லேசர் கோடு உடம்பில் பட்டு லட்சக்கணக்கான சின்ன முக்கோணங்களாக உருவத்தைக் கட்டும். வந்தபடியே வைத்துக்கொண்டால் அது குப்பை. போர்வையின் நூல், காற்றில் மிதக்கும் துணுக்கு எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். முதலில் அவற்றை நீக்க வேண்டும். அக்குள் போல லேசர் எட்டாத இடத்தில் ஓட்டை விழும், அதை அடைக்க வேண்டும்.

"அப்புறம் இரட்டைத் தோல் மேடம். அதுதான் உயிரை வாங்கும்."

"அப்படின்னா?"

"மார் மேல ஒரு தடவை ஸ்கேனரை ஓட்டுறப்போ மூச்சு உள்ளே, அடுத்த தடவை ஓட்டுறப்போ மூச்சு வெளியே. ஒரே மார் ரெண்டு உயரத்துல பதிவாகும். ஒரு தோலுக்கு மேல இன்னொரு தோல். ரெண்டையும் நடுவுல கொண்டுவந்து ஒண்ணாக்கி இழைக்கணும். ஒரு ஆளுக்கு ரெண்டு மூணு மணி நேரம் அதுக்கே போயிடும்."

"முக்கோணம் லட்சக்கணக்குல இருக்குன்னு சொன்னியே, அவ்வளவும் வேணுமா?"

"வேண்டாம். கடைசியில எளிமையாக்குவோம். வழவழன்னு இருக்கிற இடத்துக்கு நாலு பெரிய முக்கோணம் போதும். மடிப்பு, தையல்னு நுணுக்கம் இருக்கிற இடத்துல மட்டும் பொடிப்பொடியா விட்டுவைக்கும். அதை கம்ப்யூட்டரே பார்த்துக்கும்."

சுத்தம் செய்யாத முதல் பதிவு எங்கே என்று ஆய்வாளர் கேட்டார். அன்றன்றே அழித்துவிடுவோம், இடத்தை அடைக்கும் என்றான். முதலாளியுடையதும் அழிந்துவிட்டது. சுத்தம் செய்த உருவம் மட்டும்தான் இருக்கிறது.

ஆய்வாளர் தலையாட்டிக்கொண்டே முதலாளியின் மேஜையைப் பார்த்தார். நேற்றே பார்த்த பொருள்தான், குழந்தை அளவில் ஒரு கூடு. எடுத்துத் திருப்பினார். உள்பக்கம் முதுகுத்தண்டு படும் இடத்தில் ரூபாய் நாணயம் அளவுக்குப் பழுப்புக் கறை.

"இது யாரோடது?"

"ஒரு பொண்ணு மேடம். பதினோரு வயசு. வளர்ந்துடுச்சு, பத்தலைன்னு திருப்பிக் கொடுத்தாங்க."

வார்கள் புதுக்கருக்கு அழியாமல் இருந்தன. கொக்கி மாட்டின தழும்பு ஒரே ஒரு ஓட்டையில், அதுவும் லேசாக. போட்டுக்கொண்டே வளர்ந்த குழந்தையின் வார் இப்படி இருக்காது. ஆய்வாளர் கூட்டைக் கீழே வைத்தார். ஏட்டை வெளியே கூப்பிட்டு, அந்தப் பெண்ணின் வீட்டு நம்பரை நோட்டில் தேடிப் பேசிவிட்டு வரச் சொன்னார்.

பிறகு அவர் கேட்டது சின்ன உதவி. ஒரு பத்து நோயாளிகளின் உருவத்தைக் காட்டு, முக்கோணங்கள் தெரிகிற மாதிரி காட்டு என்றார். அவன் ஒவ்வொன்றாகத் திறந்தான். ஆணும் பெண்ணும் குழந்தையும். எல்லோரும் பட்டறை கொடுக்கும் ஒரே மாதிரி பனியனில். உடம்போடு ஒட்டும் மெல்லிய பனியன், மேலிருந்து கீழாகக் கோடு கோடாக நெய்தது. தோளிலும் இடுப்பு எலும்பிலும் அந்தக் கோடுகள் தெரிந்தன. மார்பிலும் வயிற்றிலும் ஒன்றுமில்லை, இழைத்த பலகை மாதிரி பெரிய பெரிய முக்கோணங்கள். பத்து பேருக்கும் அப்படியே. பத்து பேருக்கும் கழுத்துக்கு மேலே எதுவும் இல்லை.

"தலை எங்கே?"

"முதுகுக் கூட்டுக்குத் தலை எதுக்கு மேடம். கழுத்தோட நிறுத்திடுவோம்."

"சரி. முதலாளியைக் காட்டு."

அவன் விரல் ஒரு கணம் தயங்கியது. பிறகு திறந்தான்.

அவர் படுத்திருந்தார். கண் மூடியிருந்தது. லேசர் படும் என்பதால் எல்லோரும் கண்ணை மூடித்தான் ஆக வேண்டும், அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆய்வாளர் முகத்தைப் பார்க்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் குனிந்து வயிற்றையே பார்த்தார். ஒரு நிமிடத்துக்கு மேல் பார்த்தார். நிமிர்ந்தபோது மணி 9.25.

ஏட்டு திரும்பி வந்து அவர் காதில் ஏதோ சொன்னார். ஆய்வாளரின் முகம் கறுத்தது. ஏட்டைப் பார்த்து, நீங்க நீச்சல்காரர்தானே, எவ்வளவு நேரம் மூச்சடக்குவீங்க என்று கேட்டார். இளவட்டத்தில் இரண்டு நிமிடம் அடக்கியிருக்கிறேன் என்று ஏட்டு நெஞ்சை நிமிர்த்தினார்.

"நல்லது. சட்டையைக் கழட்டிட்டு அந்தப் பனியனைப் போடுங்க. பட்டுக்கை, நேத்து எடுத்த மாதிரியே இவரை எடு."

மணி 9.40.

பனியன் ஏட்டின் தொப்பையைப் பாதிதான் மூடியது. கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பட்டுக்கை ஸ்கேனரைக் கையில் எடுத்தான், அவனுக்கு வேறு வழியில்லை. சிவப்புக் கோடுகள் ஏட்டின் மார்மேல் ஊர்ந்தன. ஐம்பது விநாடி வரை ஏட்டு சிலை மாதிரி கிடந்தார். பிறகு கன்னம் உப்பியது, முகம் சிவந்தது, தொப்பை ஒரே தூக்காகத் தூக்கி இறங்கியது. அதற்கப்புறம் அவர் மூச்சை அடக்கவே முயலவில்லை. ஆறு நிமிடத்தில் அளவு முடிந்தது.

கம்ப்யூட்டரில் ஏட்டின் உருவம் வந்தது. தோளில் கோடு கோடாகப் பனியன் தெளிவாகத் தெரிந்தது. மார்பிலிருந்து தொப்பைவரை தோலுக்கு மேல் தோல், சில இடத்தில் மூன்றுகூட. தையல்கார அக்கா எட்டிப் பார்த்து, வெங்காயம் உரிச்ச மாதிரி இருக்கு என்றாள். ஏட்டுக்கு அவமானமாகப் போய்விட்டது.

"இதைச் சுத்தம் பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?" ஆய்வாளர் கேட்டார்.

"ரெண்டு மணி நேரமாவது ஆகும்."

"முதலாளிக்கு இருபது நிமிஷம்தான் ஆச்சு."

"ஐயா அசையாம படுத்திருந்தார் மேடம். அவருக்கு இந்த வேலை தெரியுமில்ல."

"திரும்பச் சொல்லு."

"ஐயா… அசையாம படுத்திருந்தார்."

"அதைத்தான் நானும் சொல்றேன். ஆறு நிமிஷம். மார் ஒரு மயிரிழை ஏறலை, இறங்கலை. இந்தப் பத்து பேருக்கும் மார்ல, வயித்துல பனியன் கோடு இல்லை. ரெண்டு தோலை நீ ஒண்ணாக்கி இழைச்சப்போ கோடும் சேர்ந்து போயிடுச்சு. முதலாளிக்குக் கழுத்துலேருந்து இடுப்புவரைக்கும் ஒரு கோடு அறாம ஓடுது. வயித்துல இருக்கிறது அத்தனையும் பொடி முக்கோணம். நீ இழைக்கவே இல்லை. இழைக்கிறதுக்கு அங்கே ரெண்டாவது தோல் இல்லை. மூச்சு இருந்தாத்தானே ரெண்டாவது தோல் வரும்."

பட்டுக்கை ஸ்கேனரை மேஜையில் வைத்தான்.

"ஒண்ணு முப்பத்தெட்டுக்கு நீ அளவு எடுத்தது பிணத்தை," என்றார் ஆய்வாளர். "அக்கா சாப்பிடப் போன ஒரு மணி நேரத்துல கொன்னுட்டே. அவங்க வந்து உட்காரட்டும்னு காத்திருந்தே. அவங்க காதுபட 'மூச்சை விடுங்க ஐயா'ன்னு சொன்னே. முதுகுக் கூட்டுக்கு முதுகை எடுக்காம முன்பக்கத்தை மட்டும் எடுத்தே, பிணத்தைப் புரட்ட ஒத்தை ஆளால முடியலை. இவர்தானான்னு யாரும் சந்தேகப்படக் கூடாதுன்னு தேவையே இல்லாத முகத்தை எடுத்தே. எடுத்து முடிச்சதும் அந்த முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டே. அவர் கோபம் எப்படி இருக்கும்னு பதினாலு வருஷமா பார்த்தவன் நீ. பொண்ணு வந்தா அது கோபம்னு நினைச்சுப்பான்னு உனக்குத் தெரியும்."

ஏட்டு கதவை மறித்துக்கொண்டு நின்றார், அந்தப் பனியனிலேயே. ஆனால் பட்டுக்கை ஓடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் இருந்த முதலாளியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முதல் பதிவை அழிச்சா போதும்னு நினைச்சேன்," என்றான். "இதுல இருக்கும்னு தோணலை. சுத்தமா இருக்கிறதை எதுக்குத் தொடணும். இருபது நிமிஷம் ஓரங்களை மட்டும் சரிபண்ணினேன்."

பதினான்கு வருடமாகக் கரட்டை இழைத்தே பழகிய கை அது. நன்றாக வந்த உருவத்தைக் கெடுக்க வேண்டும் என்று அந்தக் கைக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கு மட்டும் வழக்கம்போல வயிற்றை ஒரு இழைப்பு இழைத்திருந்தால் முதலாளி மகளைத் தூக்கு மேடைவரை அனுப்பியிருப்பான்.

"அந்தச் சின்னப் பொண்ணோட அம்மாகிட்ட ஏட்டு பேசினார்," என்றார் ஆய்வாளர். "முதுகுல புண் எலும்புவரைக்கும் போயிடுச்சாம். பத்து நாளா கால் ரெண்டும் மரத்துக் கிடக்காம். நேத்து பன்னிரண்டு மணிக்கு முதலாளி போன் பண்ணி, தப்பு எங்க பட்டறைமேல, நாளைக்கு நேர்ல வந்து எழுதிக் கொடுக்கிறேன்னு சொல்லியிருக்கார்."

அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு பேசினான். அந்தப் பெண்ணின் முதுகுத்தண்டில் ஒரு எலும்பு முடிச்சு துருத்திக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரில் பார்த்தபோது, குழந்தை அசைந்ததால் வந்த பிசிறு என்று நினைத்து அதை இழைத்து மட்டமாக்கிவிட்டான். அந்த மட்டமான முதுகுக்குத்தான் கூடு வந்தது. கூடு அந்த முடிச்சை இரவும் பகலும் அழுத்தியது. குழந்தை வலிக்குது என்று அழுதபோது, பழகிவிடும் என்று இவனே போனில் சொல்லியிருக்கிறான். முதலாளி கூட்டைத் திரும்ப வாங்கிப் பார்த்ததும் ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்தார்.

எழுதிக் கொடுக்காதீங்க ஐயா என்று காலில் விழுந்தானாம். இனி எந்தப் பட்டறையும் தன்னைச் சேர்க்காது, ஜெயிலுக்கும் போக வேண்டியிருக்கும். முதலாளி மசியவில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டே, உன் கையால் ஒரு குழந்தை முடமாயிடுச்சு, அதைப் பூசி மெழுகிட்டு என்னால் தூங்க முடியாது என்றார். தலையணை பக்கத்திலேயே கிடந்தது.

"அவர் பொண்ணு வரப்போறது உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் சொன்னான். ஏட்டு அதை எழுதிக்கொண்டார். ஆய்வாளர் அந்தத் தாளை வாங்கி மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

மணி 10.50. கோர்ட் வராந்தா.

மகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், இரண்டு பெண் போலீஸ் பக்கத்தில். ஆய்வாளர் அவர்களை அனுப்பிவிட்டு அவளருகே உட்கார்ந்தார். பட்டுக்கை ஒப்புக்கொண்டதைச் சொன்னார். நீதிபதியிடம் பேசியாகிவிட்டது, ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வீட்டைப் பற்றிய எண்ணம் அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

"அப்போ நான் உள்ளே போறதுக்கு முன்னாடியே…"

"ஒரு மணி நேரத்துக்கு முன்னாடியே."

"அப்போ நான் கடைசியா சொன்னது?"

"காதுல விழலை."

அவள் நீளமாக மூச்சு விட்டாள். ஒரு இரவு முழுக்க நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது முகத்தில் தெரிந்தது. அது அரை நிமிடம்தான். கணக்கு டீச்சர் அல்லவா, மீதியையும் போட்டுப் பார்த்துவிட்டாள்.

"மன்னிப்புக் கேட்டதும் விழலை," என்றாள்.

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆத்மா கேட்டிருக்கும், எங்கேயோ இருந்து பார்த்துக்கொண்டிருப்பார் என்று எத்தனையோ வீடுகளில் ஆய்வாளரே சொல்லியிருக்கிறார். இன்றைக்கு அவருக்கு வாய் வரவில்லை. விழலைம்மா என்றார்.

அவள் அழுதாள். போகிற வருகிற வக்கீல்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள். ஆய்வாளர் அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு, அழுகை கொஞ்சம் அடங்கும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார்.

"பன்னிரண்டே முக்காலுக்கு உங்கப்பா கட்டில்ல படுத்தப்போ அவன்கிட்ட ஒண்ணு சொல்லியிருக்கார். அவன் சொன்னதை ஏட்டு அப்படியே எழுதியிருக்கார். படிக்கட்டுமா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"'அளவைச் சீக்கிரம் எடுத்து முடி. ரெண்டே காலுக்கு என் பொண்ணு வர்றா. நான் எழுந்து உட்கார்ந்திருக்கணும்.'"

அவள் தாளை வாங்கித் தானே ஒருமுறை படித்தாள். அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு ஆய்வாளரைப் பார்த்தாள்.

"என் பொண்ணுன்னா சொன்னார்?"

"ஆமாம்மா," என்றார் ஆய்வாளர்.